தாயக்கட்டையும் எதிர்பார்ப்பு மதிப்பும்

தாயக்கட்டை என்பது தாயம் முதலிய ஆட்டங்களில் உருட்டப்படும், நான்கு நீள்முகங்கள் கொண்ட கட்டை ஆகும். மூன்று முகங்களில் 1, 2, 3 எனப் புள்ளிகள் இருக்கும்; ஒரு முகம் வெறுமையாக இருக்கும். இரண்டு கட்டைகளை ஒருசேர உருட்டிப் புள்ளிகளைக் கூட்டுவர். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12 எனக் கொள்வர்.

நிகழ்தகவு

கட்டைகள் சீரானவை எனில், கூறுவெளியில் 4 × 4 = 16 சமவாய்ப்புகள் உள்ளன. அவற்றில் ஒவ்வொரு எண்ணும் விழும் வழிகள்:

1 (தாயம்) – 2
2 – 3
3 – 4
4 – 3
5 – 2
6 – 1
12 – 1

எனவே தாயம் விழும் நிகழ்தகவு 2/16, அதாவது 1/8.

எதிர்பார்ப்பு மதிப்பு

ஒவ்வொரு விளைவையும் அதன் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பது எதிர்பார்ப்பு மதிப்பு. பலமுறை உருட்டினால் கிடைக்கும் சராசரியை இது குறிக்கும். இங்கு அது 60/16 = 3.75.

பணம் வைத்து ஆடுவதாகக் கொள்வோம். ஒருவர் ஒவ்வோர் உருட்டலுக்கும் ₹10 கட்டுகிறார்; தாயம் விழுந்தால் ₹60 பெறுகிறார். அவர் எதிர்பார்க்கத்தக்க வரவு 60 × 1/8 = ₹7.50. ஆட்டத்திற்குச் சராசரியாக ₹2.50 இழப்பு; நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ ₹250. பரிசு ₹80 ஆக இருந்தால் மட்டுமே ஆட்டம் இரு தரப்புக்கும் சமமாகும்.

பொதுவான தவறு

ஏழு முறை தாயம் விழவில்லை என்பதால் எட்டாவது முறை கட்டாயம் விழும் எனப் பலர் நம்புவர். கட்டைக்கு முந்தைய உருட்டல்கள் நினைவில் இருப்பதில்லை; நிகழ்தகவு அப்போதும் 1/8 தான். தொடர்ந்து எட்டு உருட்டல்களிலும் தாயம் விழாமல் போக ஏறத்தாழ 34% வாய்ப்பு உண்டு. விட்டதைப் பிடிக்கப் பந்தயத்தை உயர்த்துபவர் இழப்பையே பெருக்கிக்கொள்கிறார்.

பரிசுச்சீட்டு

இதே கணக்கு பரிசுச்சீட்டுக்கும் பொருந்தும். எடுத்துக்காட்டாக, ₹1 விலையில் ஒரு இலட்சம் சீட்டுகள் விற்று, மொத்தம் ₹50,000 பரிசாக வழங்கப்பட்டால், ஒரு சீட்டின் எதிர்பார்ப்பு மதிப்பு 50 காசு. எஞ்சிய 50 காசு நடத்துபவருக்குச் சேரும்.

தமிழ்நாட்டில் அரசுப் பரிசுச்சீட்டுத் திட்டம் 1968-இல், காஞ்சிபுரத்தில் பிறந்த முதலமைச்சர் சி. என். அண்ணாதுரையின் ஆட்சியில் தொடங்கப்பட்டது. அரசுக்கு வருவாய் தேடித் தந்த இத்தகைய சீட்டுகளில், வாங்குவோர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் இழப்பே மிஞ்சும். ஒற்றை இலக்க அடிப்படையில் பரிசு வழங்குவதை 1998-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடுத்தது. 2003-இல் தமிழ்நாடு அரசு எல்லாப் பரிசுச்சீட்டுகளின் விற்பனைக்கும் தடை விதித்தது.