மழைநீர்ச் சேமிப்புத் தொட்டி

மழைநீர்ச் சேமிப்புத் தொட்டி என்பது வீட்டுக் கூரையில் விழும் மழைநீரைக் குழாய் வழியாகப் பெற்று, வடிகட்டி, பின்னர்ப் பயன்படுத்துவதற்காகச் சேர்த்து வைக்கும் மூடிய கொள்கலம் ஆகும். மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் உறிஞ்சுகுழியிலிருந்து இது வேறுபட்டது. 2003 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது பெரும்பாலான வீடுகளில் அமைக்கப்பட்டவை உறிஞ்சுகுழிகளே. ஆயினும் கடலோர ஊர்களில் குடிநீருக்குத் தொட்டியே உறுதியான வழி எனலாம்.

கடலோரத்தில் தொட்டியின் தேவை

பெரிய முதலியார்சாவடி புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஆரோவில்லின் செம்மண் மேட்டிற்கும் வங்கக் கடலுக்கும் இடையில் அமைந்த ஊர். இச்சாலையில் மேலும் வடக்கே சென்றால் கழுவேலி ஏரியும் மரக்காணத்து உப்பளங்களும் வருகின்றன. உப்பு விளையும் கரையில் நன்னீர்க் கிணறு எவ்வாறு அமைகிறது என்பதை அறிந்தால் தொட்டியின் தேவை விளங்கும்.

நன்னீர் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே கடலோர மணலில் மழையால் சேரும் நன்னீர், உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயர்ந்திருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. ஆழ்துளைக் கிணறுகளால் இறைத்து அந்த 1 மீட்டரை அரை மீட்டராகக் குறைத்தால், கீழேயுள்ள எல்லை காலப்போக்கில் 20 மீட்டர் மேலேறிவிடும். ஒரு வீட்டார் குழி அமைத்து இறக்கும் நீரை அவர்களே திரும்பப் பெறுவார்கள் என்பதற்கும் உறுதி இல்லை. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது கரையோரக் கிணறுகள் பலவற்றில் உப்புநீர் புகுந்தது. 2011 திசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபின் புதுச்சேரி, கடலூர்ப் பகுதிகளில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையேல் ஆழ்துளைக் கிணறும் இல்லை. தரைக்கு மேலுள்ள தொட்டிக்கு மின்னேற்றி தேவைப்படுவதில்லை.

கொள்ளளவைத் தீர்மானித்தல்

1 சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும். தெறித்தும் ஆவியாகியும் போவதைக் கழித்து இதில் 80 விழுக்காட்டைக் கணக்கில் கொள்ளலாம். இக்கரையில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,200 மி.மீ. எனக் கொண்டால், 60 சதுர மீட்டர் கூரை ஆண்டுக்குச் சுமார் 57,600 லிட்டர் தரும்.

இந்த எண்ணைக் கண்டு எல்லாத் தேவைகளுக்கும் மழைநீரை நம்புவது தவறு. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றால் நால்வர் குடும்பத்துக்கு 540 லிட்டர்; தொட்டியில் 5,000 லிட்டர் இருந்தாலும் பத்து நாளில் தீர்ந்துவிடும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் நாளுக்கு 20 லிட்டர், அதாவது கடையில் வாங்கும் ஒரு கேன் அளவு போதும். அப்போது அதே 5,000 லிட்டர் 250 நாட்களுக்கு வரும். சனவரி முதல் நாள் நிறைந்திருந்த தொட்டி ஆவணி வரை தாங்கும். இடையில் பெய்யும் கோடை மழையும் மாலை இடிமழையும் மிச்சத்தை ஈடுகட்டும். குளிக்க, துவைக்கக் கிணற்று நீரே இருக்கட்டும்.

இக்கூரையில் 5,000 லிட்டர் நிரம்ப ஏறத்தாழ 105 மி.மீ. மழையே போதும். 2024 இல் பெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 484 மி.மீ. பெய்தது. ஆகவே வழிந்தோடும் குழாய், நீர் உள்ளே வரும் குழாயைவிடச் சிறியதாக இருத்தல் கூடாது. வழியும் நீரை உறிஞ்சுகுழிக்குத் திருப்பலாம்.

தொட்டி வகைகள்

நெகிழித் தொட்டி எளிதில் கிடைக்கிறது. ஒளி புகாத கருநிறத் தொட்டியில் பாசி வளராது. புயல் எச்சரிக்கை வரும்போது வெறுந்தொட்டியைக் கட்டி வைக்காவிடில் காற்று தூக்கிச் சென்றுவிடும்.

ஃபெரோசிமெண்ட் தொட்டி, கம்பிச் சட்டத்தின் மேல் கோழிவலையைச் சுற்றி இருபுறமும் சிமெண்டுக் காரை பூசிச் செய்யப்படுவது. சுவர் 3 முதல் 4 செ.மீ. தடிப்பே இருக்கும். ஆரோவில்லின் அறிவியல் ஆய்வு மையம் இத்தொழில்நுட்பத்தில் பணியாற்றியுள்ளது. இலங்கையில் 1995 இல் உலக வங்கி உதவியுடன் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் இவ்வகையில் 5,000 லிட்டர் தொட்டிகள் அறிமுகமாயின. பூசணிக்காய் வடிவில் இருப்பதால் அப்பெயரே நிலைத்தது. கொத்தனார் அவசரப்பட்டால் இவ்வகைத் தொட்டி கசியும். பூசியபின் ஈரச்சாக்கு போர்த்தி இரு வாரங்களாவது நனைத்துவர வேண்டும். கம்பிவலை காரைக்கு வெளியே தெரிந்தால் உப்புக்காற்றில் துருப்பிடித்து அவ்விடம் வெடித்துவிடும். கலவைக்கும் கடல் மணலோ உவர்நீரோ ஆகாது.

நிலத்தடித் தொட்டி, அதாவது சம்ப், இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறும் தாழ்ந்த மணற்பகுதியில் வெறுமையாக உள்ள தொட்டியை அந்நீர் மேல்நோக்கித் தள்ளும்; விரிசல் விட்டால் உவர்நீரும் கழிவுநீரும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கசியும். இங்கு அதனைத் தவிர்ப்பதே நல்லது.

5,000 லிட்டர் நீரின் எடை 5 டன். மொட்டை மாடியில் இதை ஏற்றக்கூடாது. தரையில் இறுக்கிய மணல் மேல் கான்கிரீட் பீடம் அமைக்க வேண்டும்.

கூரையும் முதல் மழையும்

ஓடு, கான்கிரீட் கூரைகள் ஏற்றவை. கீற்றுக் கூரை நீர் நிறமும் வாடையும் ஏறி வரும். பொடி உதிரும் பழைய கல்நார்த் தகட்டைத் தவிர்க்கலாம். ஓட்டு வீட்டில் பி.வி.சி. குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து கூரை விளிம்பில் பிடித்தால் போதும்.

மாதக்கணக்கில் காய்ந்த கூரையில் பறவை எச்சம், சவுக்கு இலை, கடற்காற்று கொணர்ந்த உப்பு ஆகியன படிந்திருக்கும். ஆகவே முதல் மழையில் சதுர மீட்டருக்கு 1 லிட்டராவது வெளியேற்ற வேண்டும். 100 மி.மீ. குழாய் ஒரு மீட்டருக்கு 8 லிட்டருக்கும் குறைவாகவே கொள்ளும் என்பதால், 60 லிட்டருக்குக் குழாயை நீட்டுவதைவிட ஒரு சிறு பீப்பாயை இடையில் வைப்பது எளிது. மழை நின்றதும் அதனைத் திறந்து காலி செய்ய மறக்கக்கூடாது. பெரும்பாலும் மறந்துவிடுவதால், அடியில் சிறு துளையிட்டுத் தானே சொட்டி வடியுமாறு விடுவது உத்தமம்.

பயன்பாடும் பராமரிப்பும்

புதிய சிமெண்டுத் தொட்டியில் முதலில் நிரம்பும் நீர் காரத்தன்மை கொண்டிருக்கும். இருமுறை நிரப்பிக் கொட்டியபின் பயன்படுத்தலாம். ஐப்பசி, கார்த்திகையில் நீரைச் சிக்கனப்படுத்தத் தேவையில்லை. மார்கழியின் கடைசி மழையில் தொட்டி நிறைந்திருந்தால் போதும். சிக்கனம் தை முதல் தொடங்க வேண்டும். 2 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் நாளுக்கு 20 லிட்டர் எடுத்தால் வாரத்துக்கு 4.5 செ.மீ. மட்டமே இறங்கும். வெளியே ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்திக் குறித்து வந்தால், கசிவையும் மிகைப் பயன்பாட்டையும் உடனே கண்டுகொள்ளலாம்.

டெங்கு பரப்பும் ஏடிசு கொசு தேங்கிய தெளிந்த நீரில் பெருகுவது. நீர் வரும் வாய், வழியும் குழாய், மூடி மூன்றிலும் நெருக்கமான வலை இருக்க வேண்டும். இதன் முட்டை நீரின்றியும் பல மாதங்கள் உயிருடன் இருக்குமாதலால், புரட்டாசியில் தொட்டியைக் கழுவும்போது சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். குடிக்கும் நீரைக் கொதிக்க வைக்கலாம். அல்லது 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் அளவில் நல்ல பிளீச்சிங் பவுடரைத் தனியே கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம்.