சிரிப்பில் மறைந்த சீற்றம்

ஒரு நாட்டின் அரசியலை அறியச் சட்டங்களும் ஆவணங்களும் உதவுகின்றன. மக்களின் மனநிலையை அறிய அக்காலக் கேலிச்சித்திரங்கள் உதவுகின்றன. 1789இல் வெடித்த பிரெஞ்சுப் புரட்சியைப் போற்றியும் தூற்றியும் பாரிசிலும் இலண்டனிலும் எண்ணற்ற அச்சுப்படங்கள் வெளிவந்தன. எழுதப் படிக்க அறியாதவரும் அவற்றின் பொருளை உணர்ந்தனர்.

உழவன் முதுகில் இருவர்

அக்காலப் பிரெஞ்சுச் சமுதாயம் மதகுருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என மூன்று பிரிவுகளாக இருந்தது. முதல் இரு பிரிவினரும் பல வரிகளிலிருந்து விலக்குப் பெற்றிருந்தனர். 1789இல் வெளிவந்த ஒரு படம் இந்நிலையை ஒரே காட்சியில் உணர்த்தியது. முதிய உழவன் ஒருவன் மண்வெட்டியை ஊன்றிக் குனிந்து நிற்கிறான். அவன் முதுகில் மதகுருவும் பிரபுவும் ஏறி அமர்ந்துள்ளனர். அவன் காலடியில் முயல்களும் புறாக்களும் பயிரைத் தின்கின்றன. வேட்டையாடும் உரிமை பிரபுக்களுக்கே உரியது என்பதால், தன் விளைச்சலை அழிக்கும் விலங்கைக்கூட உழவனால் கொல்ல இயலவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் இரவு, தேசிய சட்டமன்றம் நிலப்பிரபுத்துவச் சலுகைகளை ஒழிப்பதாக அறிவித்தது. அம்மாற்றத்தைக் காட்டும் இணைப்படத்தில் உழவன் பிரபுவின் முதுகில் அமர்ந்திருக்கிறான். வேட்டையாடிய முயல் அவனது வாளில் தொங்குகிறது. 1791 ஜூன் மாதம் தப்பியோட முயன்று பிடிபட்ட மன்னர் பதினாறாம் லூயியைப் பன்றியாக வரையவும் பிரெஞ்சு ஓவியர்கள் தயங்கவில்லை. தெய்வ உரிமை பெற்றவராகக் கருதப்பட்ட மன்னரின் மதிப்பு, அவர் தலை வீழ்வதற்கு முன்னரே தாளில் வீழ்ந்துவிட்டது.

செப்புத்தகட்டிலிருந்து கடைவீதிக்கு

இப்படங்களை உருவாக்கிய முறையும் அறியத்தக்கது. செப்புத்தகட்டின்மீது மெழுகுக் கலவையைப் பூசி, அதன்மேல் ஊசியால் கோடுகளை வரைவர். பின்னர்த் தகட்டின்மேல் அமிலம் படச் செய்வர். மெழுகு நீங்கிய கோடுகளை மட்டும் அமிலம் அரிக்கும். அப்பள்ளங்களில் மையை நிரப்பித் தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். வண்ணம் கையால் தீட்டப்பட்டது. ஒரு நிகழ்வு நடந்த சில நாள்களிலேயே அதுபற்றிய படம் விற்பனைக்கு வர இம்முறை வழிசெய்தது. வாங்க இயலாதவர்கள் அச்சுப்படக் கடைகளின் சாளரங்கள்முன் கூடிநின்று பார்த்தனர்.

இலண்டனின் அச்சம்

இங்கிலாந்தில் தொடக்கத்தில் புரட்சியை வரவேற்றோர் பலர். 1792 செப்டம்பரில் பாரிசுச் சிறைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட செய்தி அந்நிலையை மாற்றியது. அம்மாதமே ஜேம்ஸ் கில்ரே ஒரு படம் வெளியிட்டார். அதில் புரட்சியாளர் குடும்பம் ஒன்று மனித உடல்களை உணவாக உண்கிறது. கொலைகள் நடந்தது உண்மை. விருந்து ஓவியரின் கற்பனை. அப்படம் பாரிசைக் காட்டுவதைவிட இலண்டனின் அச்சத்தையே மிகுதியாகக் காட்டுகிறது.

அவ்வாண்டின் இறுதியில் தாமஸ் ரோலண்ட்சன் செதுக்கிய படத்தில் இரு வட்டங்கள் உள்ளன. ஒன்றில் ஆங்கிலேயச் சுதந்திரம் தராசு ஏந்திய நங்கையாக அமைதியுடன் வீற்றிருக்கிறது. மற்றொன்றில் பிரெஞ்சுச் சுதந்திரம் பாம்புக்கூந்தல் கொண்ட அரக்கியாக ஓடிவருகிறது. கில்ரேயோ அதே டிசம்பரில் இரு நாட்டினரையும் நகையாடினார். மெலிந்த பிரெஞ்சுக்காரர் வெங்காயத்தைக் கடித்தவாறு விடுதலையைப் புகழ்கிறார். பருத்த ஆங்கிலேயர் இறைச்சியை வெட்டியவாறு வரிச்சுமையால் பட்டினி கிடப்பதாகப் புலம்புகிறார்.

தூரிகையும் கூலியும்

பிரதமர் பிட்டையும் மன்னர் மூன்றாம் ஜார்ஜையும் அஞ்சாமல் கேலி செய்தவர் கில்ரே. எனினும் 1797 முதல் அவர் அரசிடமிருந்து ஆண்டுக்கு 200 பவுண்டு உதவித்தொகையை மறைவாகப் பெற்றார். பிரான்சிலும் இதே நிலைதான். 1793இல் ஆட்சி செலுத்திய பொதுப் பாதுகாப்புக் குழு, புகழ்பெற்ற ஓவியர் ழாக் லூயி தாவீதிடம் ஆங்கிலேயரை இழிவுபடுத்தும் கேலிச்சித்திரங்களை வரையுமாறு பணித்தது. அதிகாரத்தைக் கேலி செய்யப் பிறந்த கலையை அதிகாரமே விலைக்கு வாங்கக் கற்றுக்கொண்டது.

எனவே, ஒரு கேலிச்சித்திரம் நம்மைச் சிரிக்கவைக்கும்போது நாம் சில வினாக்களை எழுப்புதல் வேண்டும். இதனை வரைந்தவர் யார்? வரையச் செய்தவர் யார்? யாரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம்? உழவன் முதுகில் இருந்த சுமையைக் காட்டியதும் கேலிச்சித்திரமே. ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் அரக்கராகக் காட்டியதும் கேலிச்சித்திரமே. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியும் திறனே படத்தைப் படிக்கும் கல்வியாகும்.