பழைய ஸ்பீக்கர்... பக்கா ஜோடி!

பாக்கெட் மணியைச் சேர்த்துவைத்து செகண்ட் ஹேண்டில் ஹை-ஃபை ஸ்பீக்கர் வாங்கப் போறீங்களா? பளபள பாலிஷைப் பார்த்து மயங்கிடாதீங்க பாஸ்!

முதலில் முன்பக்கத் துணியைக் கழற்றுங்கள். கோனைச் சுற்றி இருக்கும் ஃபோம் வளையம் பத்துப் பதினைந்து வருடங்களில் பொடிப்பொடியாக உதிரலாம். வளையம் மட்டும் போயிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். அடுத்து, கோனை விரல்களால் சமமாக, மெதுவாக அழுத்துங்கள். 'கரகர' என்று உரசுதா? அப்படியே எஸ்கேப்!

கையில் மல்டிமீட்டர் இருக்கட்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவாகவே கிடைக்கும். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் சுமார் 6, 7 ஓம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால், உள்ளே எங்கோ கட்! ஆனால், ட்வீட்டரின் வண்டவாளம் மீட்டரில் தெரியாது. மனப்பாடமான பாட்டைப் போட்டு, காதைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.

இனி, ஆம்ப்ளிஃபையருடன் ஜாதகப் பொருத்தம். '8 ஓம்' என்று மட்டும் போட்டிருக்கும் ஆம்ப்பில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால், கரண்ட் இரட்டிப்பாகி ஆம்ப் கொதிக்கும். சென்சிட்டிவிட்டியையும் பாருங்கள். 87 டெசிபல் ஸ்பீக்கர் 2 வாட்டில் தரும் சத்தத்தை, 90 டெசிபல் ஸ்பீக்கர் 1 வாட்டிலேயே தந்துவிடும். பி.எம்.பி.ஓ. கணக்கெல்லாம் சும்மா பில்டப், ஆர்.எம்.எஸ். எவ்வளவுன்னு கேளுங்க.

ஒரு ஷாக் தகவல்... சின்ன ஆம்ப்பை முழு வால்யூமில் கதறவிட்டாலும் ட்வீட்டர் கருகிடும்! சத்தம் பிசிற ஆரம்பிச்சதும் குறைச்சிடுங்க. அப்புறம் என்ன... ஹாஸ்டல் ரூம்ல தினமும் கச்சேரிதான்!