களியும் நடையும்

ஓசூர் வட்டாரத்தில் ஓர் உணவுக்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. தமிழர் அதனைக் களி என்பர். கன்னடத்தார் முத்தே என்பர். தெலுங்கர் சங்கடி என்பர். மூன்றும் கேழ்வரகு மாவைக் கொதிநீரிற் கிளறி உருட்டிய ஒரே உருண்டைதான். நேற்றுவரை ஏழையின் உணவென்று எண்ணப்பட்ட இவ்வுருண்டைக்கு அண்மைக் காலத்தில் ஒரு புதுப் பெருமை வந்து சேர்ந்திருக்கிறது. களி உண்டால் உடல் இளைக்கும் என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். சோற்றை விட்டுக் களிக்கு மாறியவர்கள், ஒரு திங்கள் கழித்து எடைப்பொறியின் மீது ஏறி நின்று, முள் நகரவில்லையே என்று வருந்துவதையும் காண்கிறோம். வேறு சிலர் உணவில் எதனையும் மாற்றமாட்டார்கள். விடியற்காலையில் எழுந்து ஓடுவார்கள். அவர்களுக்கும் அதே வருத்தம் உண்டு.

உடல் எடையைக் குறைப்பது உணவா, உழைப்பா? மாணவர்கள் அடிக்கடி கேட்கும் இக்கேள்விக்கு இப்பகுதியின் வாழ்க்கையைக் கொண்டே விடை காண முயல்வோம்.

முதலில் களியைப் பார்ப்போம். 100 கிராம் கேழ்வரகு தரும் ஆற்றல் ஏறத்தாழ 320 கலோரி. அதே அளவு தீட்டிய அரிசி தருவது சுமார் 355 கலோரி. வேறுபாடு பத்தில் ஒரு பங்கே. ஆகவே களிக்குக் கொழுப்பைக் கரைக்கும் மாயம் ஒன்றும் இல்லை. ஆனால் கேழ்வரகில் நார்ப்பொருள் 11 கிராம் அளவுக்கு உண்டு. தீட்டிய அரிசியில் அது 3 கிராமுக்கும் குறைவு. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. நார் மிகுந்த உணவு வயிற்றை விரைவில் நிறைத்து, அடுத்த பசியைச் சற்றுத் தள்ளிப் போடும். இரண்டு உருண்டை உண்ணும் இடத்தில் ஒன்றோடு எழுந்துவிட இது துணை செய்யும். அவ்வாறு எழாமல் மூன்றாவது உருண்டையையும் உண்டால், நாரும் சுண்ணாம்பும் நம்மைக் காப்பாற்றமாட்டா. இளைத்தவனுக்கு எள்ளும் கொழுத்தவனுக்குக் கொள்ளும் என்ற பழமொழியையும் இவ்வாறே பொருள்கொள்ள வேண்டும். கொள்ளிலும் ஆற்றல் குறைவன்று. புரதமும் நாரும் மிகுந்திருப்பதால் கொஞ்சம் உண்டதும் போதும் என்று தோன்றும், அவ்வளவே.

அப்படியாயின், களி உண்டு வாழ்ந்த முன்னோர் பலர் மெலிந்து உறுதியாக இருந்தது எதனால்? அவர்கள் மானாவாரி நிலத்தில் ஏர் உழுதார்கள், களை பறித்தார்கள், கிணற்றிலிருந்து நீர் இறைத்தார்கள், அறுத்த கதிரைத் தலையிற் சுமந்து களத்துக்குக் கொண்டுவந்தார்கள். மாவும் தானாக வரவில்லை. வீட்டுப் பெண்கள் திரிகையில் அரைத்தால்தான் அன்று களி. உணவு கைக்கு வருமுன்னரே அதில் ஒரு பகுதி உழைப்பாகச் செலவாகிவிட்டது. மழை பொய்த்த ஆண்டுகளில் அரைவயிற்றுக்கும் குறைவாக உண்டதும் உண்டு. பஞ்சத்தால் வந்த மெலிவை நாம் புகழ்ந்து பேசுவது தகாது.

அந்த நிலம் இன்று வேறாகிவிட்டது. 1971ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் வழியே ஓசூரில் தொழிற்பேட்டை எழுந்தது. 1980களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆகியவற்றின் தொழிற்சாலைகள் அங்கே இயங்கலாயின. சரக்கு வண்டியும் இருசக்கர வாகனமும் கைக்கடிகாரமும் ஆக்கும் இவற்றைச் சுற்றிச் சிறு பட்டறைகளும் பல தோன்றின. உழவர் வீட்டுப் பிள்ளை ஷிப்டு வேலைக்குப் போகலானான். நிறுவனப் பேருந்து ஊர் முனையில் வந்து ஏற்றிக்கொள்கிறது. வேலை எளிதென்று சொல்லமாட்டேன்; எட்டு மணி நேரம் நின்றுகொண்டே ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது களைப்பான வேலைதான். ஆயினும் களைப்பு வேறு, ஆற்றல் செலவு வேறு. சுமை தூக்குவதைப் பொறி செய்துவிடுகிறது. மனிதன் பொறியைக் கவனிக்கிறான். களைப்பைப் போக்க இடையிடையே தேநீர் வருகிறது. வடையும் உடன் வருகிறது. இரவு ஷிப்டில் உறக்கம் கெடுகிறது. உறக்கம் குறைந்தவனுக்குப் பசி மிகும் என்பது ஆராய்ச்சியிற் கண்ட உண்மை.

இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். பௌதிகம் பயிலும் மாணவர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளலாம். ஓசூர்ச் சந்திரசூடேசுவரர் குன்றையோ கிருஷ்ணகிரிக் கோட்டை மலையையோ மனத்திற் கொண்டு, ஏறும் உயரம் 100 மீட்டர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதன் மேல் ஏறுகிறார். எடை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் 58,800 ஜூல் வரும். உணவுக் கணக்கில் வழங்கும் கலோரி ஒன்று ஏறத்தாழ 4,200 ஜூல் ஆதலால், இது 14 கலோரி. நமது தசை தான் எரிப்பதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கையே வேலையாக மாற்றும், எஞ்சியது வெப்பமாகிவிடும். எனவே மொத்தச் செலவு 56 கலோரி. பாலும் இரண்டு கரண்டிச் சர்க்கரையும் சேர்ந்த ஒரு சிறு குவளைத் தேநீரும் ஏறத்தாழ இவ்வளவே தரும். மலையேறி இறங்கியவர் அடிவாரக் கடையில் ஒரு தேநீர் அருந்தினால் கணக்குச் சரியாகிவிட்டது! உடலில் உள்ள ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி ஆற்றலின் சேமிப்பாகும். மலையேற்றத்தினால் மட்டும் அதனைக் கரைக்க வேண்டுமாயின் 137 முறைக்கு மேல் ஏறவேண்டும். அதுவும் தேநீர் அருந்தாமல்.

இக்கணக்கு வியப்பூட்டுவதற்குக் காரணம் உண்டு. உட்கார்ந்து வாழும் ஒருவர் நாள்தோறும் செலவிடும் ஆற்றலில் நூற்றுக்கு 60 முதல் 70 பங்கு, இதயம் துடிக்கவும் மூச்சு இயங்கவும் உடற்சூடு காக்கவுமே செல்கிறது. நாம் விரும்பிச் செய்யும் பயிற்சியின் பங்கு சிறிது. ஒரு மணி நேரம் விரைந்து நடந்தால் சுமார் 200 கலோரி செலவாகும். நாலு தேநீரும் ஒரு வடையும் அதனை ஈடுகட்டிவிடும். நடக்க ஒரு மணி நேரம், உண்ணப் பத்து நிமிடம். எனவே எடையைக் கீழே இறக்குவதில் உணவின் கை ஓங்கியிருக்கிறது என்பதில் ஐயமில்லை.

அவ்வாறாயின் உழைப்பு வீணா என்றால், அன்று. 1956இல் வெளியான ஓர் ஆராய்ச்சியை இங்கே சொல்ல வேண்டும். கல்கத்தாவுக்கு அருகே செங்கயில் என்னும் ஊரிலிருந்த சணல் ஆலையில், ழான் மேயர் என்ற ஊட்டவியல் அறிஞர் இந்திய ஆராய்ச்சியாளர் இருவருடன் சேர்ந்து தொழிலாளர்களின் உணவையும் எடையையும் அளந்தார். கடை வைத்திருப்போரும் எழுத்தரும் ஒரு முனை. சணல் பொதிகளைச் சுமப்போர் மறு முனை. சுமப்போர் மிகுதியாக உண்டனர், ஆயினும் பருக்கவில்லை. உழைப்புக்கு ஏற்ப அவர்கள் பசி ஏறியது, எடை நிலையாக நின்றது. உட்கார்ந்த பணியினரிடமோ வேறொன்று தெரிந்தது. உழைப்பு குறைந்தபோது அவர்கள் உணவு அதற்கேற்பக் குறையவில்லை. இலேசான வேலை செய்தோரைவிட அவர்கள் அதிகமாகவே உண்டனர், பருத்தும் இருந்தனர். ஓரளவு உழைப்புக்குக் கீழே போனால் பசி தன் அளவை மறந்துவிடுகிறது என்று ஆராய்ச்சியாளர் கருதினர். பருக்க வைத்தது நாற்காலியா, கையிலிருந்த காசா என்பதை அந்த ஓர் ஆய்வு கொண்டு பிரித்துச் சொல்ல இயலாது என்பது என் எண்ணம். எனினும் ஏரிலிருந்து எந்திரத்துக்கு வந்த நம் ஊர்க்காரருக்கு அந்த ஆலையின் கதை அயலார் கதையன்று.

உழைப்பின் பெரும்பணி, இறங்கிய எடை மீண்டும் ஏறாமற் காப்பதே. அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு பேணப்படுகிறது. குறைந்தது பதின்மூன்றரைக் கிலோ இளைத்து, ஓராண்டுக்கு மேல் அந்நிலையைக் காத்தவர்களே அதில் இடம்பெறுவர். அவர்களிற் பெரும்பாலோர் இளைப்பதற்கு உணவு, பயிற்சி இரண்டையுமே கைக்கொண்டவர்கள். காப்பதற்கு நாள்தோறும் சராசரியாக ஒரு மணி நேரம் உடலை இயக்கியவர்கள். மேலும், உணவைக் குறைத்து மட்டும் இளைப்பவருக்குக் கொழுப்போடு தசையும் கரைகிறது. படியேறுதல், பளு தூக்குதல், தண்டால் எடுத்தல் போன்றவை தசையைக் காக்கின்றன.

எடை இறங்காத இடத்திலும் உழைப்புக்குப் பயன் உண்டு. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்குச் சான்று. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுகளுக்குள் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் முற்றியது. உணவை ஒழுங்குபடுத்தி, நாளுக்கு அரைமணியேனும் நடந்தவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை குறிப்பிடத்தக்க அளவு இறங்கவில்லை. எடைப்பொறியின் முள் நகரவில்லை என்று நடையை நிறுத்துகிறவர் இதனை நினைவிற் கொள்ளலாம்.

நீரிழிவு நமக்குத் தொலைவிலிருக்கும் நோயன்று. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு முதலியவற்றுக்கு வீடுதேடிச் சென்று மருந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசுத் திட்டம், 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற இடம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி என்ற சிற்றூர். கேழ்வரகு விளையும் நாட்டின் சிற்றூரிலேயே இத்தேவை எழுந்திருக்கிறது.

செய்யத்தக்கது யாது? பட்டினி கிடத்தல் வேண்டா. முதலில் தேநீரில் சர்க்கரையைக் குறையுங்கள். உணவு விடுதியில் இரண்டாம் முறை சோறு கேட்குமுன் கீரையையும் பருப்பையும் கேளுங்கள். மாம்பழத்துக்குப் பெயர்பெற்ற மாவட்டத்தில் மாம்பழமே உண்ணக்கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை. கூழாக்கிச் சர்க்கரை கலந்து புட்டியில் அடைத்ததைவிடத் துண்டாக நறுக்கிய பழம் நன்று, அளவோடு. நாளுக்கு 500 கலோரி குறைத்தால் தொடக்கத்தில் வாரம் அரைக்கிலோ வரை இறங்கலாம். பின்னர் வேகம் குறையும். உடல் சிறுத்ததும் அதன் செலவும் சிறுக்கும் ஆதலால் இது இயல்பு; தோல்வியன்று. பேருந்து நிற்கும் இடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி நடப்பதும், இரவு ஷிப்டு முடிந்து வந்தவர் உறக்கத்தைத் தியாகம் செய்து ஓடாமல் முதலில் உறங்குவதும் அறிவுடைய செயல்கள்.

வளரும் பருவத்து மாணவ மாணவியர் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைக்கக் கூடாது. வயது வந்தோருக்குரிய எடைக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. ஆனால் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு அவர்கள் ஓர் உதவி செய்யலாம். நம் நாட்டவர்க்கு எடையைவிட இடுப்பின் சுற்றளவே கூடுதலாக உண்மை பேசும். மெலிந்த கைகாலுடன் வயிறு மட்டும் பருத்தோர் நம்மிடையே மிகுதி. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. தையற்காரர் அளக்கும் நாடா ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி அளக்க வேண்டும். அப்பா மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் இயல்பாக மூச்சு விடும்வரை காத்திருந்து, பிறகு எண்ணைப் படியுங்கள்.