லேபிள் சொல்வதும் டப்பா சொல்வதும்

பழைய பொம்மை, புது ஓட்டம் – 9

போன வாரம் ரேடியோ கன்ட்ரோல் காரின் கியர் பெட்டியைக் கழற்றிக் கழுவி வைத்தோம். இந்த வாரம் அதைச் சுழற்றும் மோட்டார்.

மிக்ஸி திணறினால் ‘கார்பன் தேஞ்சிருக்கும்’ என்று கடைக்கு எடுத்துப் போவோம். 1980களின் ரேடியோ கார் மோட்டாருக்கும் பாதி வைத்தியம் அதுதான். வளைந்த காந்தம் இரண்டு, நடுவே மூன்று காயில் சுற்றிய ஆர்மேச்சர், அதன் ஒரு முனையில் மூன்று செம்புத் துண்டுகளாலான கம்யூட்டேட்டர், அதை உரசும் கார்பன் இரண்டு, எல்லாவற்றையும் அடக்கிய ஓர் இரும்பு டப்பா. உள்ளே இருப்பது இவ்வளவே. ஆனால், கையில் இருப்பது எந்த மோட்டார் என்று தெரியாமல் ஸ்குரூ டிரைவரை எடுக்கக் கூடாது.

முதலில் அளவு. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1976இல் போர்ஷே 934 மூலம் மின்சார ரேடியோ கார்களில் இறங்கியது. அடுத்து வந்த அதன் கார்கள் பலவற்றில் மபூச்சி நிறுவனத்தின் 540 அல்லது 380 மோட்டார்தான். 540இன் விட்டம் ஏறத்தாழ 36 மி.மீ., டப்பாவின் நீளம் 50 மி.மீ. 380 சிறியது, விட்டம் 28, நீளம் 38. 1984இல் வந்த கிராஸ்ஹாப்பரில் 380, அதன் உடன்பிறப்பான ஹார்னெட்டில் 540. வேகம் போதவில்லை என்று கிராஸ்ஹாப்பரில் 540ஐ மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். ஆகவே, காரை வைத்து மோட்டாரை முடிவு செய்ய முடியாது.

லேபிளை வைத்தாவது செய்யலாமா? அதுவும் ஆபத்து. பழைய லேபிள்களைப் போலவே புதிதாக அச்சிட்டு விற்கிறார்கள். அசல் லேபிளே கூட முழுக்கதையைச் சொல்லாது. ஜப்பானில் செய்த டப்பாவை வாங்கி, தங்கள் கணக்குப்படி காயில் கட்டி, தங்கள் பெயரை ஒட்டி விற்ற அமெரிக்கப் பந்தயக் கடைகள் அன்று பல. அப்படி உடல் கொடுத்த பெயர்களில் ஒன்று இகராஷி. தாம்பரம் மெப்ஸ் வளாகத்தில் கார்களுக்கான சிறு மோட்டார்கள் செய்யும் தொழிற்சாலையின் வாசலில் இருப்பதும் அதே பெயர்தான்.

எனவே டப்பாவையே கேட்க வேண்டும். மூடியை இரும்பு விளிம்பால் நசுக்கிப் பூட்டியிருந்தால், அது திறப்பதற்காகச் செய்ததல்ல, சாதாரண ரகம். ஸ்குரூ போட்ட மூடி, வெளியே தெரியும் கார்பன் கூடு, ஸ்பிரிங் எல்லாம் இருந்தால் பந்தய ரகம். அச்சு நுழையும் இடத்தில் வெண்கலப் புஷ்ஷா, பால் பேரிங்கா என்று பாருங்கள். காற்றுத் துளை வழியே டார்ச் அடித்தால் கம்பி தெரியும். மெல்லிய கம்பி என்றால் சுற்று அதிகம், நிதானமானது. அமெரிக்க ‘ஸ்டாக்’ பந்தய மோட்டாருக்கு 27 சுற்று. தடித்த கம்பி, குறைந்த சுற்று என்றால் வேகம் அதிகம், பேட்டரியையும் வேகமாகக் குடிக்கும். மல்ட்டி மீட்டரால் சுற்றைக் கண்டுபிடிக்க நினைக்காதீர்கள். மின்தடை அத்தனை குறைவு.

பிறகு அச்சை விரலால் மெல்லத் திருப்புங்கள். ஒரு சுற்றுக்கு 6 இடங்களில் காந்தம் பிடித்து இழுக்க வேண்டும். அதே ரகத்தில் நல்ல மோட்டார் ஒன்றோடு ஒப்பிடும்போது பிடி தளர்ந்திருந்தால், காந்தம் சோர்ந்துவிட்டது.

திறக்கும் ரகமென்றால், திறக்கும் முன் மூடிக்கும் டப்பாவுக்கும் குறுக்கே பேனாவால் ஒரு கோடு போடுங்கள். மூடியை எந்தக் கோணத்தில் திருப்பி வைக்கிறோமோ அதுதான் மோட்டாரின் டைமிங். முதல் மோட்டாரை நான் கோடு போடாமல் கழற்றினேன். உள்ளே வெளியே எல்லாவற்றையும் பளபளக்கத் தேய்த்து, குத்துமதிப்பாக மூடினேன். ஓடியது, பொறி பறந்தது, தொட முடியாத சூடு. ஆர்மேச்சரின் இரு முனையிலும் இருந்த மெல்லிய வாஷர்களில் ஒன்றை மேசைக்கடியில் மறுநாள்தான் கண்டெடுத்தேன்.

கம்யூட்டேட்டர் பழுப்பாக இருப்பது நோயல்ல. கார்பன் சீராக உரசிய அடையாளம். அதைத் தேய்க்க வேண்டாம். கருகிப் பள்ளம் விழுந்திருந்தால் மட்டுமே லேத்துக்குப் போகட்டும். அங்கேயும் பள்ளம் மறையும் அளவுக்குச் சீவினால் போதும். சீவிய செம்பு திரும்பி வராது. துண்டுகளுக்கு இடையிலான இடுக்கில் தூசோ செம்புப் பிசிறோ இருந்தால் பல்குச்சியால் எடுத்துவிடுங்கள். வெப்பத்தில் நீலம் பாய்ந்த ஸ்பிரிங் இறுக்கம் இழந்திருக்கும், மாற்றுங்கள். புஷ்ஷுக்கு ஆளுக்கொரு சொட்டு எண்ணெய், அதற்கு மேல் வேண்டாம். வழிந்த எண்ணெய் கார்பன் தூளோடு குழைந்து அந்த இடுக்கை அடைத்துவிடும்.

புதுக் கார்பன் போட்டால் அதன் முகம் கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் படிய வேண்டும். 7.2 வோல்ட் பேட்டரியை எடுத்தவுடன் கொடுக்காமல், 3 வோல்ட்டில் சும்மா ஓடவிடுங்கள். தண்ணீர் டம்ளருக்குள் மோட்டாரை ஓட்டிப் படிய வைப்பவர்களும் உண்டு. புது மோட்டாருக்கு அது சரி. 40 வருடத்து இரும்புக்கு வேண்டாம், துரு காத்திருக்கிறது.

இப்போது என் மேசையில் ஓடிக்கொண்டிருப்பது அந்த முதல் மோட்டார்தான். டப்பாவின் பளபளப்பு அப்படியே இருக்கிறது. அசல் லேபிள் எது, எந்தக் கடை கட்டிய காயில் என்று கேட்டால் பதில் இல்லை. அதைச் சொல்லியிருக்கக்கூடிய எல்லாவற்றையும் நானே தேய்த்துத் துடைத்துவிட்டேன்.

(அடுத்த வாரம்: சூடேறும் சிராமிக் ரெசிஸ்டர், பழைய ஸ்பீடு கன்ட்ரோலர்)