பிறர் உள்ளம் அறியும் கல்வி



பிறர் எண்ணத்தை ஊகித்தறியும் ஆற்றல் பிறவியிலேயே முழுமையாக வாய்ப்பதன்று. சமூகமே அதனை வளர்க்கின்றது. மனிதரோடு பழகிப் பெறும் இவ்வறிவை ‘அக்லுன் தஜ்ரீபீ’, அதாவது அனுபவ அறிவு என, 1377இல் எழுதிய ‘முகத்திமா’வில் இப்னு கல்தூன் (ரஹ்) வகைப்படுத்தினார்.

இதற்கோர் அண்மைக்காலச் சான்று மத்திய அமெரிக்காவின் நிகராகுவாவில் கிடைத்தது. அங்கே 1970களின் இறுதியில் செவிப்புலனற்ற சிறார்கள் பாடசாலையில் ஒன்றுசேர, புதிய சைகைமொழி பிறந்தது. முதல் தலைமுறையினரிடம் ‘நினைத்தான்’, ‘அறிந்தான்’ போன்ற சைகைகள் அரிதாயிருந்தன. வளர்ந்த பின்பும் பிறரின் தவறான எண்ணத்தை ஊகிக்க அவர்கள் தடுமாறினர். அச்சைகைகளைக் கற்றபின் தடுமாற்றம் குறைந்ததை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது.

மாத்தளையில் மூவினத்தாரும் அருகருகே வாழ்கின்றோம். ‘அவர் என்ன நினைத்திருப்பார்?’ என்று வீட்டில் பேசிப் பழகாத பிள்ளை, அயலவர் உள்ளத்தை எங்ஙனம் அறியும்?