சமவெளி நடுவே ஒரு தீவு

நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலத்தைத் தீவு என்பர். நாற்புறமும் வெயில் காயும் சமவெளி சூழ, நடுவே தனித்துயர்ந்த மலையும் ஒருவகையில் தீவே. காற்றும் மழையும் பயிரும் மக்கள் வாழ்வும் அங்கு வேறாகின்றன. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்துள்ள ஜவ்வாது மலை அத்தகையது.

கிழக்குத் தொடர்ச்சி மலை இடையறாத சுவரன்று; ஆறுகள் அறுத்த துண்டுகளின் வரிசை. அத்துண்டுகளுள் ஒன்றான ஜவ்வாது மலையையும் செய்யாறும் அகரம் ஆறும் கிழக்கு, மேற்கு என இருகூறாக்குகின்றன. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். ஆதலால் வேலூர் வெயிலில் வாடும் சித்திரையிலும் மலையூர்கள் சற்றே குளிர்ந்திருக்கும். தென்மேற்கு, வடகிழக்குப் பருவக்காற்றுகள் இரண்டும் இங்கு மழை தருகின்றன. அம்மழைநீரை மலை தனக்கென வைத்துக்கொள்வதில்லை. இங்குப் பிறக்கும் செய்யாறு செங்கம் வழியே இறங்கி, வயல்களை நனைத்துப் பாலாற்றில் கலக்கிறது. நன்னனின் நாட்டைப் பாடும் மலைபடுகடாம் இதனைச் சேயாறு என்று வழங்கும்.

இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். பெயரைக் கேட்டு அவர்களைக் கேரள மக்கள் எனக் கருதுதல் கூடாது. மலையில் வாழ்வோர் என்பதே பொருள், பேசுவது தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் வந்தனர் என்பது அவர்களின் வாய்மொழி வரலாறு. புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என ஊர்ப்பெயர்களில் ‘நாடு’ நிலைத்திருக்கிறது.

மலைச்சரிவில் நெல்லுக்கு வேண்டிய நீர் தேங்காது. மழையை மட்டும் நம்பி விளைவது சாமை. ஏறத்தாழ மூன்று திங்களில் கதிர் முற்றும். மண் மெலிந்திருந்தாலும் பொறுக்கும். ஆனால், விளைவித்தலினும் கடினமானது உமி நீக்குதல். சிறுமணியை இறுகப் பற்றிய உமியை உரலிலிட்டுக் குத்திப் புடைப்பது பெண்களின் நெடுநேர உழைப்பாக இருந்தது. உண்பதற்கு எளிய அரிசி கடையில் கிடைத்தபோது சாமை பின்தங்கியதற்கு இவ்வுழைப்பும் ஒரு காரணம். உமி நீக்கும் பொறிகள் வந்தபின் அச்சுமை குறைந்தது. நகரத்தார் சிறுதானியத்தைத் தேடி வாங்கும் இந்நாளில், அதன் விலையில் பெரும்பங்கு விளைவித்தவருக்கா இடைத்தரகருக்கா என்பதே எஞ்சிய வினா.

இம்மலையின் மற்றொரு செல்வம் இருள். விளக்கொளி படாத வானைத் தேடிய வானியலாளர் வைணு பாப்பு, 1960களில் காவலூரைத் தேர்ந்தார். நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 12.5 டிகிரியில் அமைந்ததால் வடவானுடன் தென்வானின் பெரும்பகுதியும் அங்குத் தெரியும். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் பணி தொடங்கிற்று. 1977இல் யுரேனசின் வளையங்களை வெளிப்படுத்திய நோக்கல்களுள் காவலூரினதும் ஒன்று. உள்நாட்டிலேயே உருவாக்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் இயங்கத் தொடங்கியது. அதனைக் காண வைணு பாப்பு அப்போது உயிருடன் இல்லை. 1988இல் இங்குக் கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்று கணித மேதை இராமானுசன் பெயரைத் தாங்குகிறது.

மழைக்காலத்தில் மேகம் வானை மறைக்கும், அது கலைந்துவிடும். சமவெளி நகரங்களிலிருந்து மேலெழும் வெளிச்சமோ கலைவதில்லை. மலையூர்களுக்கும் சாலையும் மின்விளக்கும் வேண்டும். இரவில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வோரிடம் விண்மீன்களுக்காக இருளைப் பொறுத்திருக்கச் சொல்லுதல் முறையாகாது. இரண்டையும் பொருத்த வழியுண்டு. 2022இல் இருள்வான் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட லடாக்கின் ஹான்லேயில் மக்கள் விளக்கைத் துறக்கவில்லை. ஒளி மேலே சிதறாதவாறு விளக்குகளுக்கு மூடியிட்டனர், சாளரங்களுக்குத் திரையிட்டனர். தொலைநோக்கியைக் கொண்டு வருவோர்க்கு வானைக் காட்டும் பணியையும் அவ்வூரார் சிலர் ஏற்றுள்ளனர்.